பூக்கும் பருத்தியில் மஞ்சள் இலை: காரணம் அறியும் முறை

நமது சங்கத்தின் அங்கத்தினர்களில் பருத்தி பயிரிடுவோரும் உளர். அப்பருத்தியினின்று வந்த நூலைத் தறியில் ஏற்றுவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் பொதுவான ஒரு பொருளைப் பற்றியே இம்மாதப் பாடம் அமைகின்றது. பருத்திச் செடி பூத்துக் காய் பிடிக்கும் காலத்தில் அதன் இலைகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். கண்டவுடன் நாம் செய்வது என்ன? கடைக்குச் சென்று ஒரு மூட்டை யூரியா வாங்கி வந்து இறைத்துவிடுகிறோம். பல சமயங்களில் அது பயன்படுவதில்லை. சில சமயங்களில் கேட்டையும் விளைவிக்கின்றது. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது மனிதருக்கு எவ்வாறு ஆகாதோ, அவ்வாறே பயிருக்கும் ஆகாது.

மஞ்சள் இலை என்பது நோயன்று. அது ஓர் அறிகுறி. அந்த அறிகுறியைப் படிக்கத் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிஞ்சும், காயும் காப்பாற்றப்படும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. கண்ணும், பொறுமையும், இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதும்.

எனக்கு நேர்ந்த அனுபவம்

பாடத்தைத் தொடங்குமுன் என் சொந்தத் தவறு ஒன்றைக் கூறிவிடுகிறேன். 2014ஆம் ஆண்டு ஆவணிக் கடைசியில் இரண்டு ஏக்கர் இறவைக் கரிசலில் பருத்தி விதைத்தேன். அடியுரமாக டி.ஏ.பி.யும் யூரியாவும் இட்டேன், பொட்டாஷை விட்டுவிட்டேன். காரணம் அதன் விலை. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. யூரியா அத்திட்டத்தில் சேர்க்கப்படாமல் பழைய கட்டுப்பாட்டு விலையிலேயே நின்றது. பொட்டாஷ் விலையோ அடுத்த சில ஆண்டுகளில் பன்மடங்கு ஏறியது. என்னைப் போலவே பலரும் அக்காலத்தில் பொட்டாஷைக் குறைத்து யூரியாவைக் கூட்டினர்.

கார்த்திகை மாதம், எழுபதாம் நாள் அளவில், செடியில் காய்கள் நன்றாகப் பிடித்திருந்தன. அப்போது இலைகளின் ஓரம் மஞ்சளாகி, நரம்புகளுக்கிடையே திட்டுத் திட்டாக வெளுக்கத் தொடங்கியது. உரக்கடைக்காரர், "தழைச்சத்து போதவில்லை, ஏக்கருக்கு ஒரு மூட்டை போடுங்கள்" என்றார். போட்டேன். பத்து நாளில் செடி கரும்பச்சையாகித் தளதளவென்று நின்றது. மகிழ்ந்தேன். ஆனால் அந்த இளந்தளிரை நாடித் தத்துப்பூச்சி திரளாக வந்து சேர்ந்தது. முன்னே மஞ்சளான இலைகளோ ஓரம் கருகி உதிர்ந்துகொண்டேயிருந்தன.

பிறகு வயலைப் பார்க்க வந்த வேளாண்மை அலுவலர் ஒருவர் மூன்றே கேள்விகள் கேட்டார். "முதலில் மஞ்சளானது எந்த இலை? இலையின் எந்தப் பாகம்? இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?" மூன்றுக்கும் என்னிடம் விடையில்லை. அவ்வாண்டு மேற்காய்கள் பாதி வெடித்தும் வெடியாமலும் நின்றன. ஏலத்தில் என் குவியலைப் பிரித்து, ஏறக்குறையப் பாதியைக் கொட்டுப் பருத்தி என்று தள்ளிவிட்டனர். அம்மூன்று கேள்விகளே இப்பாடத்தின் உட்பொருள்.

பூக்கும் பருவத்தில் ஏன் வருகிறது?

விதைத்த நாற்பது, நாற்பத்தைந்து நாட்கள் வரையில் செடி தனக்கென்று மட்டும் உண்கிறது. சப்பை வைத்துப் பூத்துக் காய் பிடித்த பின் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு காயும் ஒரு குழந்தையைப் போன்று உணவைக் கேட்கிறது. வேர் மண்ணிலிருந்து எடுத்துத் தரும் சத்து போதாதபோது, செடி தன் இலைகளில் சேமித்து வைத்ததைக் கரைத்துக் காய்க்கு அனுப்புகிறது. வீட்டில் விருந்து வந்தால் தாய் தன் பங்கை விட்டுக்கொடுப்பது போல, இலை தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அவ்வாறு விட்டுக்கொடுத்த இலைதான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

முற்காலத்துக் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகள் மானாவாரியில் அளவாகக் காய்த்தவை. பின்னர் 1968இல் வெளியான எம்.சி.யு. 5, 1974இல் வெளியான சுவின் ஆகிய நீண்ட இழை இரகங்கள் வந்தன. 2002இல் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்த பின் வீரிய ஒட்டு இரகங்களே எங்கும் பரவின. காய்ப்புழுவினால் முன்காய்கள் அழிவது குறைந்தமையால், இச்செடிகளில் ஒரே காலத்தில் அதிகக் காய்கள் தங்குகின்றன. காய்ச்சுமை கூடக்கூட இலையின் மீதுள்ள சுமையும் கூடுகிறது. ஆதலின் நம் முன்னோர் அவ்வளவாகக் காணாத இலைச் சிவப்பை நாம் அடிக்கடி காண்கிறோம்.

முதல் கேள்வி: பழைய இலையா, புதிய இலையா?

செடிக்கு வேண்டிய சத்துக்களை இரு வகையாகப் பிரிக்கலாம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. குறைவு வந்தால் செடி பழைய இலையிலிருந்து அவற்றை எடுத்துப் புதிய இலைக்கும் காய்க்கும் கொடுக்கும். ஆகவே குறைவு முதலில் அடியிலையில் தோன்றும். கந்தகம், இரும்பு, துத்தநாகம், போரான் ஆகியவையோ அவ்வாறு எளிதில் இடம் பெயர்வதில்லை. பழைய இலையில் இருந்தாலும் அது புதிய இலைக்கு உதவாது. ஆகவே அவற்றின் குறைவு நுனியிலே தோன்றும்.

இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் காரியம் முடிந்தது. மஞ்சள் அடியிலிருந்து மேலேறுகிறதா, நுனியிலிருந்து கீழிறங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். முற்றிய நிலையில் செடி முழுவதும் மஞ்சளாகிவிட்டால் இதைக் கண்டறிதல் அரிது. எனவே பூப்பருவத்தில் வாரம் ஒருமுறையேனும் வயலுக்குள் நடந்து பார்த்தல் வேண்டும். வரப்பிலிருந்து பார்ப்பது பார்ப்பதாகாது.

இரண்டாம் கேள்வி: இலையின் எந்தப் பாகம்?

அடியிலையில் தொடங்கும் குறைகள்

தழைச்சத்துக் குறைவு: அடியிலை முழுவதும் ஒரே சீராக வெளுத்து மஞ்சளாகும். நரம்பும் மஞ்சளாகும், இடைப்பகுதியும் மஞ்சளாகும். பின்னர் செம்மை படர்ந்து உதிரும். செடி குட்டையாகவும் கிளைகள் குறைவாகவும் இருக்கும். வயல் முழுவதும் வெளிர்பச்சையாகத் தோன்றும்.

மக்னீசியக் குறைவு: அடியிலையில் நரம்புகள் பச்சையாகவே நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகிப் பின் செந்நீலமாகச் சிவக்கும். சிவந்த சேலையில் பச்சைக் கோடு இழுத்தாற்போல் இருக்கும். இலை சுருளாது, விரிந்தே நிற்கும். மணற்பாங்கான நிலத்திலும், அளவுக்கு மிஞ்சிப் பொட்டாஷ் இட்ட நிலத்திலும் இது தோன்றக்கூடும். ஏனெனில் வேரின் வாயிலில் ஒன்று மிகுந்தால் மற்றொன்று நுழைவது தடைபடுகிறது.

சாம்பல் சத்துக் குறைவு: நரம்புகளுக்கிடையே மஞ்சள் கலந்த வெண்திட்டுக்கள் தோன்றி, நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகும். ஓரம் கீழ்நோக்கி வளையும். இலை துருப்பிடித்தது போல் ஆகிக் காலத்துக்கு முன்பே உதிரும். முற்காலத்தவர் இதைப் பருத்தியின் துரு நோய் என்றே எண்ணினர். பின்னரே இது பொட்டாஷ் குறைவு என்று தெளிவாயிற்று. மேற்சொன்ன விதிக்கு இங்கே ஒரு விலக்கு உண்டு. ஒரே காலத்தில் மிகுந்த காய் பிடிக்கும் இன்றைய இரகங்களில், காய்கள் சாம்பல் சத்தை விரைந்து இழுத்துக்கொள்வதால், இக்குறி செடியின் நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் உள்ள இலைகளில் முதலில் தோன்றுவதும் உண்டு. என்னை ஏமாற்றியதும் இதுவே.

மணிச்சத்துக் குறைவினால் இலை பெரும்பாலும் மஞ்சளாவதில்லை. கரும்பச்சையாகிச் செடி குன்றி, பூப்பதும் காய்ப்பதும் தாமதமாகும். ஆகவே மஞ்சளைக் கண்டு டி.ஏ.பி. இறைப்பதும் பொருத்தமன்று.

நுனியிலையில் தோன்றும் குறைகள்

கந்தகக் குறைவு: தழைச்சத்துக் குறைவைப் போலவே இலை சீராக வெளுக்கும், ஆனால் வெளுப்பது நுனியிலை, அடியிலை பச்சையாக இருக்கும். முன்பு சூப்பர் பாஸ்பேட் இட்ட காலத்தில், அதனுடன் கந்தகமும் நிலத்துக்குச் சேர்ந்தது. டி.ஏ.பி.யில் கந்தகம் இல்லை. பல ஆண்டுகள் டி.ஏ.பி. மட்டுமே இட்ட நிலத்தில் இக்குறையை எதிர்பார்க்கலாம்.

இரும்புக் குறைவு: மிக இளைய இலையில், மெல்லிய நரம்புகள் எல்லாம் பச்சை வலை போல நிற்க, மற்ற இடம் வெளிர்மஞ்சளாகும், முற்றினால் வெண்மையாகும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலிலும், நீர் தேங்கிய இடத்திலும் இது காணும். மண்ணில் இரும்பு இல்லாமை இதற்குக் காரணமன்று. இருக்கும் இரும்பு வேருக்குக் கிட்டாமையே காரணம்.

துத்தநாகக் குறைவு: இளைய இலைகள் சிறுத்துத் தடித்து, நரம்பிடையே மஞ்சளாகும். ஓரம் மேல்நோக்கி மடியும். கணுவிடைகள் குறுகி, செடி புதர் போல் தோன்றும்.

போரான் குறைவு: இதில் மஞ்சள் முக்கியமன்று. இலைக்காம்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கருநிற வளையங்கள் காம்பைச் சுற்றிக் காணப்பட்டால் போரானைச் சந்தேகிக்கலாம். சப்பைகளும் இளங்காய்களும் மிகுதியாக உதிரும்.

மூன்றாம் கேள்வி: இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

இலை மஞ்சளாவதெல்லாம் சத்துக் குறைவினால் அன்று. உரத்தைப் பற்றி நினைக்குமுன் கீழ்க்கண்டவற்றை விலக்கிவிடல் வேண்டும்.

தத்துப்பூச்சி: இலையின் அடிப்புறத்தில் பச்சை நிறமுள்ள சிறு பூச்சிகள் பக்கவாட்டில் நகர்ந்து ஓடும். இலையின் ஓரம் முதலில் மஞ்சளாகி, கீழ்நோக்கிக் கிண்ணம் போல் கவிழ்ந்து, பின் சிவந்து கருகும். மக்னீசியச் சிவப்பையும் தத்துப்பூச்சிச் சிவப்பையும் குழப்பிக்கொள்ளாதீர். முன்னதில் இலை விரிந்திருக்கும்; நரம்பிடையில் சிவக்கும். பின்னதில் இலை கவிழ்ந்திருக்கும், ஓரத்திலிருந்து சிவக்கும். ஓர் இலைக்கு 2 குஞ்சுகளுக்கு மேல் காணப்பட்டால் நடவடிக்கை வேண்டும். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தெளிப்பது தொடக்க நிலையில் உதவும். தழைச்சத்து மிகுந்தால் இப்பூச்சி பெருகும் என்பதை மறவாதீர்.

செஞ்சிலந்தி: இலையின் மேற்புறத்தில் ஊசி குத்தினாற்போல் நுண்ணிய வெளிர்ப்புள்ளிகள், அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை. வறட்சியில் மிகும்.

நீர்த்தேக்கம்: வடகிழக்குப் பருவமழை கொட்டிய பின், பள்ளமான பகுதியில் மட்டும் செடி மஞ்சளானால் அது உரக் குறைவன்று, வேருக்குக் காற்றுக் குறைவு. காற்றில்லாத வேர் உணவை எடுக்காது. முதலில் நீரை வடித்து, மண் பதமானதும் கொத்திவிட வேண்டும். பின்னரே இலைவழி உணவு.

வாடல் நோய்: அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள் மஞ்சளாகி வாடினால், ஒன்றைப் பிடுங்கித் தண்டின் அடியை நீளவாட்டில் பிளந்து பாருங்கள். உள்ளே கட்டைப்பகுதி பழுப்புக் கோடாகக் கறுத்திருந்தால் அது பூசண நோய். எந்த உரமும் அதைத் தீர்க்காது. அச்செடிகளை அகற்றி, அடுத்த போகத்தில் பயிரை மாற்றுதலே வழி.

குளிரும் முதுமையும்: மார்கழியில் இரவு வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கும் இடங்களில் இலை இயல்பாகவே சிவக்கலாம். அன்றியும் 110, 120 நாட்களுக்குப் பின், காய்கள் முற்றிவரும் வேளையில், அடியிலை பழுப்பது இயற்கை. முதுமைக்கு மருந்து வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

பத்துச் செடிச் சோதனை

காரணம் இன்னதென்று ஊகித்த பின்னும் வயல் முழுவதும் செலவு செய்ய அவசரப்படாதீர். ஒரு பத்துச் செடிகளுக்குத் துணி கட்டி அடையாளமிடுங்கள். நீங்கள் ஊகித்த சத்தை மட்டும் அவற்றின் இலையில் தெளியுங்கள். பக்கத்தில் உள்ள பத்துச் செடிகளுக்கு வெறும் நீரைத் தெளியுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பொறுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. அதை எதிர்பார்க்கக் கூடாது. புதிதாக வரும் இலையும், பாதி மஞ்சளான இலையும் தேறுகின்றனவா என்பதே கேள்வி. தேறினால் வயல் முழுவதற்கும் தெளிக்கலாம். தேறாவிட்டால் நஷ்டம் ஒரு கைப்பிடி உப்பே அன்றி, ஒரு மூட்டை அன்று.

இலைவழித் தெளிப்பின் அளவுகள்

1 சதவீதம் என்றால் பத்து லிட்டர் நீருக்கு 100 கிராம் என்பதை நினைவிற் கொள்க. ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் கரைசல் வேண்டியிருக்கும்.

தழைச்சத்துக்கு: யூரியா 1 முதல் 2 சதவீதம்.

சாம்பல் சத்துக்கு: பொட்டாசியம் நைட்ரேட் 2 சதவீதம், அல்லது பொட்டாசியம் குளோரைடு 1 சதவீதம்.

மக்னீசியத்துக்கு: மக்னீசியம் சல்பேட் 1 சதவீதம், பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை.

இரும்புக்கு: அன்னபேதி உப்பு எனப்படும் இரும்பு சல்பேட் 0.5 சதவீதம், கரைசல் கெடாமலிருக்கச் சிறிது எலுமிச்சை உப்பு சேர்க்கலாம்.

துத்தநாகத்துக்கு: துத்தநாக சல்பேட் 0.5 சதவீதம், அதில் பாதி அளவு நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைச் சேர்த்தால் இலை கருகாது.

போரானுக்கு: வெண்காரம் 0.1 முதல் 0.2 சதவீதம். இது மிகினால் நஞ்சாகும், அளவு தவறலாகாது.

காலை வேளையிலோ, மாலையிலோ தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். துத்தநாக உப்பையும் டி.ஏ.பி.யையும் ஒரே தொட்டியில் கலக்கலாகாது. இரண்டும் சேர்ந்து அடியில் படிந்துவிடும்.

இலைவழி உணவு அவசரத்துக்கு உதவும் கைம்மாற்று மட்டுமே. அடுப்பில் வேண்டிய சோற்றை மருந்துக் குப்பியால் ஈடுசெய்ய இயலாது. இறவைப் பருத்தி இரகங்களுக்கு எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் முறையே 80, 40, 40 கிலோ என்பதும், வீரிய ஒட்டு இரகங்களுக்கு 120, 60, 60 கிலோ என்பதும் நம் மாநிலத்தின் பொதுப் பரிந்துரை. முன்னதை ஏக்கர்க் கணக்கிற் சொன்னால், சாம்பல் சத்துக்காகச் சுமார் 27 கிலோ மியூரேட் ஆப் பொட்டாஷ் வேண்டும். தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே கொடுப்பதானால் சுமார் 70 கிலோ, டி.ஏ.பி. இட்டால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். பாதியை அடியுரமாகவும், மீதியை 40, 45ஆம் நாளிலும் இடுதல் நன்று. தொழு உரம் இட்ட நிலம் இந்நுண்சத்துக்களையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். மண் பரிசோதனை இருந்தால் அதன்படியே செய்க.

இலைக்கும் துணிக்கும் உள்ள உறவு

இதுவரை சொன்னது பயிரிடுவோருக்கு. இனி நெசவாள அங்கத்தினர்களும் கேட்க வேண்டிய பகுதி.

சில மாதங்களுக்கு முன் நெசவுத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் கருநீலத் துணி ஒன்றை என் முன் விரித்தார். "அண்ணே, சாயம் ஒன்று, தொட்டி ஒன்று, நூலும் ஒரே சிட்டம். இந்த வெள்ளைப் புள்ளி மட்டும் ஏன் சாயம் பிடிக்கமாட்டேன் என்கிறது?" என்று கேட்டார். துணியெங்கும் கடுகை விடச் சிறிய வெளிர்ப்புள்ளிகள். வாங்குபவர் அதைத் தள்ளுபடி விலைக்குக் கேட்டாராம். சாயப்பட்டறையின் மீது அவருக்கு ஐயம்.

பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதையின் தோலிலிருந்து எழும் ஒரே ஓர் உயிரணு. பூ மலர்ந்த நாளிலிருந்து சுமார் 20, 25 நாட்கள் அது நீளத்தில் வளர்கிறது. உள்ளே நீரின் அழுத்தம் இருந்தால்தான் அது நீளும். அந்த அழுத்தத்தைத் தருவதில் சாம்பல் சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நீளம் முடியும் தறுவாயில் இழையின் சுவர் உட்புறமாகத் தடிக்கத் தொடங்குகிறது. 45, 50 நாள் வரையில் இலை செய்து அனுப்பும் சர்க்கரை, செல்லுலோசாகப் படிந்து சுவரைக் கனப்படுத்துகிறது. இக்காலத்தில் இலை கருகி உதிர்ந்தால் சர்க்கரை வருவது நின்றுவிடும். இழை நீண்டிருந்தும் சுவர் மெலிந்து, முதிராத இழையாகவே காய் வெடிக்கும்.

அத்தகைய முதிராத இழை வலுவற்றது. எளிதில் மடிந்து சுருண்டு, நூற்கும்போது நுண்ணிய முடிச்சாகிறது. அதன் மெல்லிய சுவர் மற்ற இழைகளைப் போல் ஆழ்ந்த நிறம் காட்டுவதில்லை. கருநீலத்திலும் கருஞ்சிவப்பிலும் அது வெள்ளைப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். சாயக்காரர் எவ்வளவு திறமையுடையவராயினும் இதை மறைத்தல் கடினம்.

அந்தத் துணியில் இருந்தது என் வயற்பஞ்சு என்று நான் கூறவில்லை. எத்தனையோ ஊர்ப் பஞ்சு ஆலையில் கலக்கிறது. ஆயினும் 2014ஆம் ஆண்டில் நான் விற்ற அரைகுறைக் காய்ப் பஞ்சும் எங்கோ ஒரு தறியில் யாரோ ஒருவர் கூலியைக் குறைத்திருக்கும் என்ற எண்ணம் அன்று என்னைச் சுட்டது. வயலில் மிச்சம் பிடித்த பொட்டாஷின் விலையைத் தறியில் இருப்பவர் கொடுத்தார். நண்பரிடம் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். அவர் துணியை மடித்துக்கொண்டே, "அப்படியானால் நான் சாயக்காரரிடம் போட்ட சண்டை வீண்தானே" என்றார்.

சங்கம் செய்யத்தக்கவை

ஒன்று: விதைப்புக்கு முன் அங்கத்தினர்கள் யாவரும் ஒரே வாரத்தில் மண் மாதிரி எடுத்துச் சேர்த்து அனுப்புதல். பருத்திக்கு 22 செ.மீ. ஆழம் வரையில், ஆங்கில வி எழுத்து வடிவில் குழி வெட்டி, அதன் சுவரில் மேலிருந்து கீழ் வரை சீராக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். பல இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்து எதிர் இரு பகுதிகளைத் தள்ளி, இறுதியில் அரைக் கிலோ அனுப்பினால் போதும். மண்வள அட்டைத் திட்டம் 2015இல் தொடங்கியது. அட்டை பெற்றவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் படித்துப் பயன்படுத்துக.

இரண்டு: உரம் வாங்கும்போது யூரியாவுடன் பொட்டாஷையும் சேர்த்தே சங்கத்தின் மூலம் தருவித்தல். தனியே வாங்கினால் விலையைக் கண்டு தயங்கும் மனம், கூட்டாக வாங்கினால் தயங்காது.

மூன்று: பூப்பருவத்தில் இரண்டு முறை, நான்கைந்து அங்கத்தினர்கள் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் சுற்றிப் பார்த்தல். தன் வயலின் குறை தன் கண்ணுக்குத் தெரியாது; பிறர் கண்ணுக்கு உடனே தெரியும்.

நான்கு: நன்கு வெடித்த பருத்தியையும் கொட்டுப் பருத்தியையும் வயலிலேயே பிரித்து எடுத்தல். கலந்து விற்றால் நல்லதற்கும் கெட்டதன் விலையே கிட்டும்; நூலும் கெடும்.

முடிவுரை

அங்கத்தினர்களே, இப்பாடத்தில் பெயர்கள் பலவற்றைச் சொன்னோம். அவை மறந்துபோயினும் கேடில்லை. இந்த ஏட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று கேள்விகளை மட்டும் மறவாதீர். முதலில் மாறியது பழைய இலையா, புதிய இலையா? இலை முழுவதுமா, நரம்பிடையா, ஓரமா? இலையைத் திருப்பிப் பார்த்தாயிற்றா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை பணப்பையைத் திறக்க வேண்டாம்.

கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. அடியிலை சீராக வெளுத்தால் எந்தச் சத்துக் குறைவு? நுனியிலை சீராக வெளுத்தால் எது?

2. மக்னீசியக் குறைவினால் சிவந்த இலையையும், தத்துப்பூச்சியால் சிவந்த இலையையும் எவ்வாறு பிரித்தறிவது? இரண்டையும் கொணர்ந்து கூட்டத்தில் காட்டுக.

3. கனமழைக்குப் பின் பள்ளத்தில் மட்டும் செடி மஞ்சளானால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

4. பத்து லிட்டர் தெளிப்பானுக்கு 2 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் எத்தனை கிராம்? ஓர் ஏக்கருக்கு எத்தனை கிலோ?

5. சென்ற போகத்தில் நம் அங்கத்தினர் எத்தனை பேர் பொட்டாஷ் இட்டனர்? இடாதவர் எக்காரணத்தால் இடவில்லை? சங்கம் அதற்கு என்ன செய்யலாம்?